மாடி அறைச் சரக்கு

இராஜபாளையம்
12 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காளி எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதுகுவலிக்குத் தைலம் ஒழுங்காகத் தேய்க்கிறாயா, இல்லை வாங்கி வைத்ததோடு சரியா?

பஸ் ஏறினால் அரை மணியில் வந்து நிற்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு தபால் போடுகிறாளே என்று சிரிப்பாய். உன் போன் என்றைக்கு உன் போனாக இருந்தது? அது கடைப் போன். நான் பேசினால் மச்சானும் கேட்பார், பருப்பு வாங்க வந்தவரும் கேட்பார். அதனால்தான் நீ தைக்கப் போகிற பெத்தம்மாள் அக்கா கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எனக்கு டீம் லீடர் வேலை கிடைத்துவிட்டது. நாலு வருஷம் வெயிலில் கடை கடையாக ஏறி ஷாம்பு பாக்கெட் எண்ணியவள், இனி எண்ணுகிறவர்களை மேய்க்கப் போகிறேன். ஆறு பேர். சென்னை ஆபீஸிலிருந்து பரிபூரணம் மேடமே கூப்பிட்டுச் சொன்னார்கள். இதே வேலையை வேல்பாண்டியும் கேட்டிருந்தான். கிருஷ்ணன்கோவில்காரன். நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தோம். முதல் வருஷம் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் ஊர் ஊராகப் போனேன். விஷயம் தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தான். "இனிமே ஒங்கள மேடம்னுதான் கூப்பிடணும்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்படியே கூப்பிடுகிறான்.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். என் வேலையைக் கடைக்காரனிடம் கதை கேட்கிற வேலை என்று கேலி செய்வாயே, அதன் கனம் உனக்குத் தெரியாது. எந்தச் சரக்கு எவ்வளவு விற்கிறது என்று பெரிய கம்பெனிகளுக்குச் சொல்கிறோம், ஆனால் எல்லாக் கடையிலும் எண்ண யாராலும் முடியாது. பொறுக்கி எடுத்த சில கடைகளில்தான் எண்ணுவோம். போன மாத இருப்போடு இந்த மாதம் வாங்கிய பில்லைக் கூட்டி, இன்றைக்குக் கண்ணில் படுகிற சரக்கைக் கழித்தால், விற்றது எவ்வளவு என்று வந்துவிடும். அந்த ஒரு கடையை வைத்துச் சுற்றியிருக்கிற எத்தனையோ கடைகளின் வியாபாரத்தைக் கணக்குப் போடுவார்கள். உங்கள் கடை அப்படிப் பொறுக்கிய கடை. மச்சான் ஒரு சோப்பு விற்றால் எங்கள் கணக்கில் முந்நூறு விற்ற மாதிரி. எந்தக் கடைக்கு இந்த மதிப்பு என்று சோப்புக் கம்பெனிக்காரன் எவனுக்கும் தெரியக் கூடாது.

மாதாமாதம் உங்கள் கடையில் வந்து எண்ணுகிறானே ஒல்லியாக ஒருத்தன், அவன்தான் வேல்பாண்டி. அது என் அக்கா வீட்டுக் கடை என்று அவனுக்கும் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. சொந்தக்காரர் கடை டீமுக்குள் இருக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். தெரிந்தால் என் நாற்காலி அவனுக்குப் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே. கொஞ்ச நாளைக்கு உங்கள் மடவார் வளாகம் பக்கம் நான் தலைகாட்டப் போவதில்லை.

படித்ததும் கிழித்துப் போடு.

உன் தங்கை
காளீஸ்வரி

———

ஸ்ரீவில்லிபுத்தூர்
19 மே 2025

பிரியமுள்ள காளிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. வைத்தியநாதசாமி தயவில் இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சாம்பாரை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கவரைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்துவிட்டுப் பெத்தம்மாள் அக்கா, "ஏட்டி, இந்தக் காலத்துல ஒனக்கு யாருட்டி கடுதாசி போடுதா?" என்று கேட்டாள். தைக்கிற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். உன் பெயரைச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

சோழபுரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "அவளுக்குக் கீழ எம்புட்டுப் பேரு?" என்றார். ஆறு பேர் என்றேன். "எனக்குக் கீழ ரெண்டு மாடுதான். அதுவும் சொன்னபடி கேக்க மாட்டேங்கு" என்றார். ரொம்பச் சந்தோஷம் அவருக்கு. பிறகு வெகுநேரம் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

உன் மச்சான் குணம் உனக்குத் தெரியும். "ஒந்தங்கச்சி என்னத்தப் பெருசா எண்ணிக் கிழிக்கா?" என்றார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தோம். சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கவலைப்படாதே.

அக்கா
ஆனந்தவல்லி

———

இராஜபாளையம்
23 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால் சாதாரண நன்றாக இல்லை, கால் தரையில் படவில்லை. அங்கே எல்லோரும் சுகந்தானே? சின்னவள் பள்ளிக்கூடம் போக அழுகிறாளா?

முதலில் டீம் செய்தி. சோலைராஜை ஒரு கடைக்காரர் வீட்டு நாய் துரத்தி, அவன் கணக்கு ஏற்றுகிற டேப்லெட்டோடு சாக்கடையில் விழுந்துவிட்டான். ஆளுக்குக் காயமில்லை. டேப்லெட்டுக்குத்தான் உயிர் போய்விட்டது. வேல்பாண்டி எப்போதும் போல் மாதக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துக் கொடுத்துவிட்டான்.

நம் பக்கத்தில் ஊதாக் கவர் சோப்புத்தூள் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. வந்த வேகத்தில் பழைய தூள்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டது. வேறெந்த மாவட்டத்திலும் இப்படி இல்லை. இதை முதலில் பிடித்தது என் டீம் என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அக்டோபரில் சென்னையில் அனலிஸ்ட் வேலை ஒன்று காலியாகிறது. வெயிலில் எண்ணுகிற வேலை இல்லை. வந்த எண்களைப் படித்துப் பெரிய கம்பெனிகளுக்கு விளக்கிச் சொல்கிற வேலை. "உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன்" என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும் அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத் தவிர வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

நீ ஊதாக் கவர் வாங்கிப் பார்த்தாயா? அவ்வளவு நல்ல தூளா அது?

உன்
காளி

———

ஸ்ரீவில்லிபுத்தூர்
7 ஜூலை 2025

பிரியமுள்ள காளிக்கு,

நலம், நலமறிய ஆசை. சென்னைக்குப் போனாலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே.

எனக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை. மாடி அறையில் சாமான் அடைத்திருப்பதால் எல்லோரும் கீழேயே படுக்கிறோம். சின்னவளுக்கு ஓயாத தும்மல். டாக்டர் தூசி ஆகாது என்கிறார். உன் மச்சான் பல வருஷத்துக்குப் பிறகு சிரித்த முகமாக இருக்கிறார். பாண்டிதுரை என்று ஒரு சேல்ஸ்மேன் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசுகிறார்கள்.

நான் கட்டிச் சோப்பில்தான் துவைக்கிறேன்.

ஆடிப்பூரத் தேருக்கு வா. ஊரே வரும்போது நீ வந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

அக்கா
ஆனந்தவல்லி

———

இராஜபாளையம்
24 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளுக்குத் தும்மல் நின்றதா? நான் இருக்கிறேன். தேருக்கு வர முடியாது.

நேற்று மேடம் சென்னையிலிருந்து நேரே வந்துவிட்டார்கள். என்னையும் ஆறு பேரையும் உட்கார வைத்து, ஊதாக் கவர் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். "ராஜபாளையத்துல இல்ல, சிவகாசியில இல்ல, பக்கத்துத் தெருவுலகூட இல்ல. மடவார் வளாகத்துல ஒரே ஒரு கடையில மட்டும் ஊரே துவைக்கிற அளவுக்கு விக்குது. எப்படி?" என்றார்கள். நாங்கள் பெருமைப்பட்ட வளர்ச்சி முழுக்க அந்த ஒரு கடையால் வந்ததாம். அது உங்கள் கடை.

அந்தக் கடையை எண்ணுவது வேல்பாண்டி. அவன் எழுந்து நின்றான். "பில் இருக்கு மேடம். கடைலயும் பின்னால ஸ்டோர்லயும் பாத்தேன், சரக்கு இல்ல. அதான் வித்துப் போச்சுன்னு போட்டேன்" என்றான். மேடம் நம்பவில்லை. பில்லை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு, ஸ்டோர் பக்கமே போகாமல் இருப்பு இல்லை என்று எழுதியிருக்கிறான் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான திருட்டு இல்லை. டீம் லீடர் என்ற முறையில் நான் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அவன் பொய் எழுதினான் என்று நான் எழுதினால், வேலை போவதோடு இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்காது. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

அவன் எண்ணாமல் எழுதுகிறவன் இல்லை. எனக்குத் தெரியும்.

அக்கா, மாடி அறையில் என்ன சாமான்?

காளி

———

இராஜபாளையம்
9 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

நலம்தானே?

பதில் இல்லை. தேர் நிலைக்கு வந்து எத்தனை நாளாயிற்று. கடிதம் வந்து சேர்ந்தது என்று பெத்தம்மாள் அக்காவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "வாங்கி ரவிக்கைக்குள்ள சொருகிக்கிட்டா" என்றாள். கையில் வாங்கியவள் ஒரு வரி எழுத மாட்டாயா?

வேல்பாண்டி தினமும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவனை ஃபீல்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவு. ஒன்றும் கேட்க மாட்டேன் என்கிறான். கேட்டால்கூட நான் கோபப்படலாம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. உன்னால் பதில் சொல்ல முடியும்.

காளீஸ்வரி

———

ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஆகஸ்ட் 2025

காளிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இரு.

சாமான் என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் என் வாயால் கேட்கிறாய்? ஊதாக் கவர் பெட்டிகள்தான். கூரையைத் தொடுகிற அளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். பில் போட்டு இறக்குவார்கள், நேரே மாடிக்குப் போகும். அந்தத் தம்பி கடையை எண்ணுவான், வீட்டுக்குள் வர மாட்டான். அவன் கண்ணில் படாதது விற்றதாகக் கணக்கு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அன்றைக்கு ரோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன்னைப் பெரிய ஆள் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். மறுவாரமே பாண்டிதுரை வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அந்தத் தூள் கம்பெனி ஆள். உங்கள் கணக்கில் தூள் ஏறினால் கம்பெனியில் அவருக்கு மதிப்பாம். தீபாவளிக்குள் இந்த ஊர் ஏஜென்சி முழுவதையும் உன் மச்சானுக்கு வாங்கித் தருவதாகப் பேச்சு.

நீ கோபப்படுவாய். படு. ஆனால் என் பக்கமும் பார். மாமனார் வைத்த கடையில் கல்யாணமான நாளிலிருந்து அவர் குனிந்த தலை நிமிரவில்லை. இப்போதுதான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாலு பேரோடு நின்று பேசுகிறார். பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதை நான் எப்படிக் கெடுப்பேன்? உண்மை வெளியே வந்தால் உனக்கு மட்டும் வேலை மிஞ்சுமா?

அந்தத் தம்பிக்குச் சின்ன வயசுதானே. வேறு வேலை கிடைக்காதா?

ஆனந்தவல்லி

———

இராஜபாளையம்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டி நாலு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தபோது கடைசி வரி மட்டும் குத்தியது. வேறு வேலை கிடைக்காதா என்று நீ கேட்டது, பத்து நாளாக நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அந்த நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

அறிக்கை கொடுத்துவிட்டேன். வேல்பாண்டி எண்ணாமல் எழுதினான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால், அவனையே கூட்டிப்போய் அந்தக் கடையில் ஒருமுறை எண்ணிக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். கடைக்காரருக்குச் சொல்லாமல் போவார்கள். மேடமும் அவனும் வருவார்கள். டீம் லீடர் கூட வரக் கூடாது. வருகிற வியாழக்கிழமை காலை வருகிறார்கள். இதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஸ்டோரில் சரக்கு இருந்தால் அவன் பொய் எழுதினான் என்று ஆகிவிடும். இல்லாவிட்டால் மேடம் உங்கள் வீட்டைக் கிண்டத் தொடங்குவார்கள். மச்சானிடம் இதைச் சொன்னால் போதும்.

காளி

———

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 செப்டம்பர் 2025

பிரியமுள்ள காளிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். சின்னவளுக்குத் தும்மல் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை நடந்ததை மற்றவர்கள் சொல்லி நீ கேட்டிருப்பாய். நான் சொல்லியும் கேள்.

புதன்கிழமையே உன் மச்சான் பெட்டிகளில் பாதியை இறக்கிக் கடைக்குப் பின்னால் ஸ்டோரில் அடுக்கிவிட்டார். நானும் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அந்தத் தம்பி ஸ்டோருக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டான். "மேடம், போன தடவ இதே எடத்துல நின்னு பாத்தேன். ஒரு பெட்டிகூட இல்ல" என்றான். உன் மச்சான் சிரித்தார். "ஏலே தம்பி, நீ என்னைக்கு உள்ள வந்து பாத்த? கல்லாகிட்ட நின்னு பில்ல போட்டோ புடிச்சிட்டுப் போயிருவ" என்றார். அந்த அம்மா வேலையை விட்டு நிறுத்துகிற தாளை எடுத்து அவனிடம் நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. உதட்டை மட்டும் நக்கிக்கொண்டான்.

அதோடு முடிந்திருந்தால் நான் அடுப்படியிலேயே இருந்திருப்பேன். உன் மச்சான் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீயே சொல்லு. இந்தச் சரக்கு எப்பவும் இங்கனதான கெடக்கு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூடி வைக்க என்னால் முடிந்தது காளி. மாசக்கணக்கில் மூடித்தான் வைத்திருந்தேன். அந்தப் பையன் முகத்துக்கு நேரே நின்று ஆமாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"இது மாடிலருந்து எறக்குனது. மிச்சம் மேல கெடக்கு. அதையும் எண்ணிட்டுப் போங்க" என்றேன்.

உன் மச்சானைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். அந்தத் தம்பி ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தி எண்ணினான். சுவரோரம் கடைசி அடுக்கை நகர்த்தியபோது நீ பட்டம் வாங்கிய போட்டோ தெரிந்தது. கறுப்பு அங்கி, கையில் சுருள், பக்கத்தில் நானும் அப்பாவும். அதை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அதன் முன்னால் நின்றுவிட்டான். "எண்ணி முடிச்சாச்சு மேடம், கீழ போவமா?" என்றான். அந்த அம்மா படியிறங்குகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஏஜென்சி போய்விட்டது. பாண்டிதுரை போனை எடுப்பதில்லை. உன் மச்சான் என்னோடு பேசுவதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தம்பிக்கு வேறு வேலை கிடைக்காதா என்று எழுதிய கை என்னுடையது என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பயம்.

அவனுக்கு உன் விஷயம் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. இனி நீ பார்த்துக்கொள்.

அக்கா
ஆனந்தவல்லி

———

இராஜபாளையம்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? மச்சான் ஒரு வார்த்தையாவது பேசினாரா? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஊதாக் கவர் கணக்கு பொய்யானாலும், என் நாலு வருஷ வேலையைப் பார்த்துத் திங்கட்கிழமை சென்னை வேலைக்கான உத்தரவு போட்டுவிட்டார்கள். வேல்பாண்டி மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். என் அறிக்கையை அவசரத்தில் நடந்த தவறு என்று விட்டுவிட்டார்கள். டீம்காரர்கள் கேக் வாங்கி வந்தார்கள். வேல்பாண்டியும் கைதட்டினான்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து, அவன் பழைய பழக்கத்துக்காக என்னைக் காப்பாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் சென்னையில் வீடுகூடப் பார்க்கத் தொடங்கினேன். கேக் தின்றுவிட்டு எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"மேடம், அந்தப் போட்டோவ அன்னைக்கே காட்டிக் குடுத்திருப்பேன். ஒங்க வேல அங்கனயே போயிருக்கும். பொறவு ஒங்கட்ட ஒண்ணு கேக்க முடியாமப் போயிருமேன்னுதான் மறைச்சேன்" என்றான்.

"என்ன கேக்கணும்?"

"நான் பொய் எழுதுனேன்னு சென்னைக்கு எழுதிக் குடுத்தியல்லா. தெரியாம எழுதுனியளா, தெரிஞ்சே எழுதுனியளா?"

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான் அக்கா. நம்ப வேண்டும் என்ற ஆசையோடுதான் நின்றான். நான், "தெரிஞ்சேதான் வேல்பாண்டி" என்றேன்.

அவன் கத்தவில்லை. "சரி" என்றான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை.

மறுநாள் மேடத்துக்கு எழுதினேன். அது என் அக்கா வீட்டுக் கடை என்றும், கடையின் மதிப்பை வெளியே சொன்னவள் நான் என்றும், வியாழக்கிழமை வருவதைச் சொன்னவளும் நான் என்றும் ஒன்று விடாமல் எழுதினேன். நீ மச்சானிடம் சொன்னதை மட்டும் எழுதவில்லை. நேற்றோடு வேலை முடிந்துவிட்டது. சென்னையும் இல்லை, இராஜபாளையமும் இல்லை. டீம் லீடர் இனி வேல்பாண்டி.

மேடம் கடைசியாக ஒருமுறை போனில் பேசினார்கள். திட்டவில்லை. அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

"எல்லாம் முடிஞ்சுபோன விஷயம். ஆர்டரும் கையில வந்தாச்சு. இதை உங்ககிட்ட யாருமே கேக்கலையே, ஏன் காளீஸ்வரி சொன்னீங்க?" என்றார்கள்.

"வேல்பாண்டி கேட்டான் மேடம்" என்றேன்.

உன் தங்கை
காளீஸ்வரி